புதுச்சேரியில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

வீடு வந்து சேர்ந்துவிட்டோம். மகள் நலம், பேத்தி நலம். போனில் விசாரித்தபடியே இருந்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஃபெஞ்சல் புயல் என்ன செய்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. நீங்களும் அதில் மாட்டியிருப்பீர்கள், இல்லையென்றால் டிவி முன்னால் உட்கார்ந்து பதறியிருப்பீர்கள். நான் எழுதுவது அந்த நாட்களில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்காக. கிளம்பும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. "வரோம்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. அது போதாது என்று வழியெல்லாம் மனசு சொல்லிக்கொண்டே வந்தது.

எங்கள் பண்ருட்டிப் பக்கத்து ஜனங்களுக்குப் புதுச்சேரி என்றாலே ஆஸ்பத்திரிதான். கடற்கரைச் சாலையும் மஞ்சள் சுவர்த் தெருக்களும் லீவுக்கு வருகிறவர்களுக்கு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைக்கு ஜிப்மராக வளர்ந்து நிற்கிறது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் யாருக்கு என்ன வந்தாலும் வண்டி அந்த ஊர்ப் பக்கம்தான் திரும்பும். மகளுக்கும் அந்த ஊரில்தான் பிரசவம், ஆபரேஷன். டிஸ்சார்ஜ் செய்யும்போது, குழந்தைக்குக் கொஞ்சம் மஞ்சள் இருக்கிறது, மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும், அதுவரை உள்ளூரிலேயே இருங்கள் என்றார்கள். சரி என்று பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, கடைத்தெருவுக்கு நடந்து போகிற தூரத்தில், சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரூம் எடுத்தோம். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, உடனே வர முடியாத நிலை. நானும் மகளும் குழந்தையும்தான்.

பழைய வீடு அது. கீழே தமிழ் வீடு: திண்ணை, மரத்தூண், நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். மேலே ஏறினால் பிரெஞ்சுக்காரர் வீடு: வளைந்த ஜன்னல், பலகைக் கதவு, தெருவைப் பார்த்த பால்கனி. புதுச்சேரியில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. ஏசி ரூம் மேலே. எங்களுக்குப் படியேற முடியாது என்பதால் கீழே ஃபேன் ரூம். இரண்டு கட்டில், ஒரு மேசை, சுவரில் மாதா படம் போட்ட காலண்டர். வாடகைக்கு ஏற்ற இடம், சுத்தமான இடம். அதற்குமேல் எதையும் நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த வீட்டில் பெட்ஷீட் துவைத்து இஸ்திரி போடும் அக்கா ஒருவர் இருக்கிறார். இந்த மடலில் முக்கால்வாசி அவருக்குத்தான்.

பிள்ளை பெற்ற வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், பச்சைக் குழந்தைக்குப் பாலுக்கு அடுத்து வேண்டியது உலர்ந்த துணி. டயப்பர் பாக்கெட் காலி, கடைகள் அடைத்துக் கிடந்தன. இருந்தவரை போட்டதிலேயே குழந்தைக்குத் தொடையிடுக்கு சிவந்துபோயிருந்தது. கொண்டுபோன வேட்டித் துணிகள்தான் கதி. அதுவோ அரைமணிக்கு ஒரு தடவை நனைக்கிறது. கரண்ட் இல்லை. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையில் எந்தக் கொடியில் எந்தத் துணி காயும்? அலசிப் பிழிந்ததை கட்டில் கம்பியிலும் நாற்காலியிலும் போட்டுவைத்தேன். தொடும்போதெல்லாம் சில்லென்றே இருந்தது. காற்றின் ஊளையைவிட அந்தச் சில்லிப்புதான் எனக்குப் பயமாக இருந்தது. மஞ்சள் இருக்கிற பிள்ளைக்குச் சளியும் பிடித்தால் ராத்திரியில் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

நான் யாரிடமும் கேட்கவில்லை. எதைக் கேட்பது என்றே தோன்றவில்லை. அக்கா எங்கள் கதவைத் தட்டி, மெழுகுவர்த்தி கொடுக்க வந்தவர், நாற்காலியில் தொங்கிய துணிகளைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எங்கே எடுத்துப் போகிறார் என்று பின்னாலேயே போனேன்.

தாழ்வாரத்துக் கோடியில், சாரல் அடிக்காத மூலையில், பழைய பித்தளை இஸ்திரிப் பெட்டி. கரி போடுகிற பெட்டி. கொட்டாங்குச்சிக் கரியைக் குமுட்டியில் பற்றவைத்து, கனிந்ததும் இடுக்கியால் எடுத்துப் பெட்டிக்குள் நிரப்பினார். மூடிக்குள்ளிருந்து சிவப்பு தெரிந்தது. மேசைமேல் கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் ஒவ்வொரு துணியாக விரித்துத் தேய்த்தார். முதல் இழுப்பில் 'ஸ்ஸ்' என்று ஆவி எழும்பும். திருப்பிப் போட்டு மறுபடி. ஓரம் மடித்துத் தைத்த இடத்தில் மட்டும் பெட்டியை நிறுத்தி அழுத்துவார், ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்குமாம். முடிந்ததும் துணியை எடுத்துத் தன் கன்னத்தில் ஒட்டிவைத்துப் பார்ப்பார். நான் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு "காஞ்சிடுச்சுக்கா" என்றேன்.

"கைக்குத் தெரியாதும்மா. வேலை செய்யற கை மரத்துப் போயிருக்கும். கன்னத்துல வெச்சுப் பாரு" என்றார்.

வைத்துப் பார்த்தேன். நடுவில் இன்னும் லேசாகக் குளிர்ச்சி இருந்தது. வாங்கி மறுபடி தேய்த்தார்.

அன்று ராத்திரி முழுக்க அப்படித்தான் போனது. காற்று ஓட்டைப் பிய்த்துவிடும் போல அடிக்கிறது, தெருவில் என்னென்னவோ விழுந்து உருளும் சத்தம், முற்றத்தில் தண்ணீர் படியளவு நிற்கிறது. அந்த மூலையில் இவர் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். நான் ஈரத்துணியை அலசிக் கொண்டுபோய்க் கொடுப்பேன், சூடாக மடித்த துணியை வாங்கி வருவேன். "நீ போய்ப் படு தங்கச்சி, நான் கொண்டாந்து கதவாண்ட வெக்கறேன்" என்பார். கரி தணிந்தால் பெட்டியைத் தூக்கி இப்படியும் அப்படியும் வீசிக் கனலைத் தூண்டுவார். அந்தப் பெட்டியை ஒரு தடவை வாங்கித் தூக்கிப் பார்த்தேன், என் தோள் இறங்கிவிட்டது. அவருக்கு வயது அறுபதுக்கு மேல்.

இடையில் பேச்சுக் கொடுத்தேன். அந்தப் பெட்டி அவர் வீட்டுக்காரருடையது. தெருமுனையில் தள்ளுவண்டி வைத்துத் தேய்த்தவர், இப்போது இல்லை. கெஸ்ட் ஹவுஸில் கரண்ட் பெட்டியும் வாங்கி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் இதை விட அக்காவுக்கு மனசில்லை. 2011-ல் 'தானே' புயல் வந்தபோது அவருடைய வீட்டு ஓடெல்லாம் பறந்துபோனதாம். அந்தப் புயலில் எங்கள் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நான் சொன்னேன். "அப்ப என் பேரன் கைக்குழந்தை. அவனுக்கும் இதுலதான் துணி காய வெச்சேன்" என்றார். எங்கள் நாற்காலியைப் பார்த்ததும் அவருக்கு ஏன் விளக்கம் தேவைப்படவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

விடியற்காலையில் குழந்தை சூடான துணியில் சுருண்டு நிம்மதியாகத் தூங்கியது. மகள் அதைப் பார்த்துக்கொண்டே அழுதாள். அதற்குப் பிறகு அவள் அக்காவைக் கூப்பிட்டதெல்லாம் பெரியம்மா என்றுதான். கரண்ட் வரும்வரைக்கும் எங்கள் துணி ஈரமாகத் தங்கவே இல்லை. புறப்படும்போது ஒரு தொகையைக் கையில் வைத்தேன். அதை அப்படியே குழந்தையின் கைக்குள் திணித்து மூடிவிட்டார்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் தம்பி, பழைய பெட்ஷீட்டுகளை அடுக்காகக் கொண்டுவந்து வைத்து "கிழிச்சுக்கோங்கம்மா" என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் தென்பெண்ணையில் தண்ணீர் வந்து ரோடு அடைத்துக்கொண்டபோது, தங்கின கூடுதல் நாட்களுக்கு வாடகையே போடவில்லை. சனி, ஞாயிறு வந்தாலே புதுச்சேரியில் ரூம் வாடகை ஏறும் என்பது தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காபியும் ரொட்டியும் மட்டும் போடுகிற சமையலறையில் மகளுக்காகப் பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் வைத்துக் கொடுத்த சமையல்கார அண்ணன், முழங்கால் தண்ணீரில் போய் பாண்லே பால் வாங்கி வந்த வாட்ச்மேன் பெரியவர், முற்றத்துத் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஊற்றிய மாடி ரூம் பெங்களூர்ப் பிள்ளைகள், தங்கள் பவர் பேங்கை எங்களிடம் விட்டுவிட்டுத் தாங்கள் இருட்டில் இருந்த பிரெஞ்சுத் தம்பதி, ரத்தப் பரிசோதனைக்குத் தண்ணீர் இல்லாத தெருவாகப் பார்த்துப் பார்த்து ஓட்டிக் கூட்டிப்போன ஆட்டோ தம்பி, எந்நேரம் போன் செய்தாலும் எடுத்துப் பதில் சொன்ன நர்ஸ் பொண்ணு, மழையில் கம்பம் ஏறிய மின்துறைக்காரர்கள்: உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கிருஷ்ணா நகரிலும் ரெயின்போ நகரிலும் ஜனங்கள் பட்டதை நினைத்தால் எங்களுக்கு நடந்தது ஒன்றுமே இல்லை. அங்கே ராணுவம் வந்து ஆட்களை வெளியே எடுத்த நேரத்தில் எங்களுக்குத் தலைக்குமேல் கூரை இருந்தது. அந்த ராணுவத்துப் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

புறப்பட்ட அன்று ஆட்டோ பாரதி பூங்கா ஓரமாகப் போயிற்று. கம்பிக்கு அந்தப் பக்கம் ஆயி மண்டபம் வெள்ளை வெளேரென்று நின்றது. அந்தக் கதையைப் புதுச்சேரிக்காரர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஆயி என்ற தாசி, இடிக்கச் சொல்லி உத்தரவான தன் வீட்டைத் தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டிவைத்தாள் என்பார்கள். பல தலைமுறை கழித்து முத்திரையர்பாளையத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்களின் நகரத்துக்குத் தண்ணீர் வந்தபோது, அவள் பெயரில் இந்த மண்டபம் எழுந்தது. கவர்னர்களுக்குச் சிலை வைப்பது எந்த ஊரிலும் நடக்கும். தண்ணீர் கொடுத்த பெண்ணுக்கு மண்டபம் கட்டி, அதையே ஊரின் அடையாளமாக வைத்திருப்பது பெரிய மனசு. அக்காவின் ஊர் அப்படிப்பட்ட ஊர் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்னால் மண்டபம் கட்ட முடியாது. என்னால் முடிந்ததைச் செய்யப்போகிறேன்.

பேத்தியின் பிறந்தநாள் ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை மழையில்தான் வரும். பிரசவ வார்டுகளில் துணி காயாமல் தாய்மார் தவிக்கிற காலமும் அதுதான். அந்த நாளில் பழகிய பருத்தி வேட்டிகளைத் துவைத்து, வெந்நீரில் அலசி, தேய்த்து, அளவாகக் கிழித்து, கட்டுக் கட்டாக அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். என் கைகால் நடமாடும்வரை நானே செய்வேன். அப்புறம் மகள் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். பீரோவில் சும்மா மடித்துக் கிடக்கும் பழைய வேட்டி உங்கள் வீட்டிலும் இருந்தால், பண்ருட்டியில் இருப்பவர்கள் என்னிடம் கொடுங்கள். பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், சுத்தப் பருத்தி மட்டும். வெளியூர்க்காரர்கள் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸைக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அக்கா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். முப்பதாம் நாள் குழந்தைக்குப் பேர் வைக்கிறோம். பெரியம்மா வந்து தொட்டிலில் போட்டால்தான் பேர் வைப்பேன் என்று உங்கள் மகள் பிடிவாதம் பிடிக்கிறாள். ரோடு சரியாகிவிட்டது, பஸ் ஓடுகிறது. வேலை இருக்கிறது என்று சொல்லாதீர்கள், தம்பியிடம் உங்களுக்கு நானே லீவு கேட்டு வாங்கிவிட்டேன். பேரனையும் அழைத்துக்கொண்டு முதல் நாளே வந்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன்.