கண்மாய் வேலைக்கு நம்ம வீட்டு ஆள்

தம்பி, நல்லா இருக்கியா, நேரத்துக்கு சாப்புடுறியா. கண்மாய் வேலைக்கு காசு அனுப்புறேன், ஜேசிபி வச்சு முடிச்சிருங்கப்பா, அதுவும் குடிமராமத்துதானேன்னு மெசேஜ் போட்டிருந்த. அனுப்புப்பா, டீசலுக்கு ஆகும். ஆனா அதுக்குப் பேரு குடிமராமத்து இல்ல.

மராமத்துன்னா ரிப்பேர், குடின்னா அந்தத் தண்ணிய நம்பி இருக்குற குடும்பம். வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டியோட வந்து நிக்கணும், நெலம் கூட இருந்தா ஆளும் கூட. உங்க தாத்தா காலத்துல கோடைல கண்மாய் வத்துனதும் வண்டல வெட்டி வண்டில ஏத்தி வயல்ல அடிப்பாங்க, வயலுக்கு உரமாச்சு கண்மாய்க்கு ஆழமாச்சு. அப்புறம் ஐப்பசி மழைக்கு முன்னாடி கண்மாய்க்குத் தண்ணி கொண்டாற வரத்துக்கால்ல மண்டிக் கெடக்குற செடி கொடிய வெட்டி, வயலுக்குத் தண்ணி விடுற மடைய தொறந்து மூடிப் பாத்து, மிச்சத் தண்ணி வழிஞ்சு போற கலுங்குல அடைப்பு எடுத்து, கரைல நண்டு வளை எலி வளை இருந்தா தோண்டி களிமண் போட்டு மிதிச்சு அடைப்பாங்க. சின்ன வளைதானேன்னு விட்டா கண்மாய் நெறஞ்சு நிக்கிறப்ப அதுவழியா கசிஞ்சு கசிஞ்சு கரையே ஒடைஞ்சிரும்.

எல்லாரும் ஆசையா வந்தாங்கன்னும் நெனைக்காத. வராதவங்கள கட்டாயப்படுத்த வெள்ளக்காரன் 1858ல மெட்ராஸ் மாகாணத்துக்கு சட்டமே போட்டான். துண்டு நெலம் இல்லாத சனத்தையும் அதட்டி எறக்கி வேலை வாங்குனாங்க, அது அநியாயம், அந்தப் பழக்கம் திரும்ப வரவே கூடாது. 2017ல கவர்மென்ட் இதே பேர்ல திட்டம் கொண்டாந்து ஆயக்கட்டு சங்கத்துக்கிட்ட, அதான் அந்தத் தண்ணில பாசனம் பண்ற விவசாயிங்க சங்கத்துக்கிட்ட, வேலையக் குடுத்துச்சு, அது நல்ல யோசனைதான். சங்கத்துல யாரு இருக்கா, அவங்க கரைக்கு வர்றாங்களாங்குறதுலதான் எல்லாமே இருக்கு.

மெஷின மட்டும் விட்டா நடுக் கண்மாய்ல பள்ளம் பறிச்சிட்டுப் போயிரும். மடை மட்டத்துக்குக் கீழ தண்ணி எவ்வளவு நின்னாலும் மாடு குடிக்கலாம், வயலுக்கு ஏறாது. எங்க வெட்டணும், எங்க வெட்டக் கூடாது, வரத்துக்கால் எந்த வளைவுல மண்ணு சேக்கும், இதெல்லாம் அங்க நின்னு மம்பட்டி புடிச்சவனுக்குத்தான் தெரியும். எனக்கு உங்க தாத்தா காட்டுனாரு, உனக்கு நான் காட்டணும்யா.

ஆவணி கடைசில வேலைன்னு ஊர்ல பேசியிருக்கோம். சனி ஞாயிறோட ரெண்டு நாள் லீவு சேத்துப் போடு. பஸ் டிக்கெட் எடுத்ததும் சொல்லு, நம்ம வீட்டு ஆளுன்னு உன் பேரத்தான் குடுத்திருக்கேன்.

அப்பா