லேப்ல போன் எதுக்கு? ப்ளஸ் ஒன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ப்ளஸ் ஒன் பசங்க வீட்டுக்கு வந்து "இன்னிக்கு பிஸிக்ஸ் சார் போன் வச்சு தான் நடத்துனாரு"ன்னு சொல்லிருக்காங்க போல, உடனே பெற்றோர் குரூப்ல கேள்வி மேல கேள்வி, ஸ்கூலுக்கு போன் கொண்டு வரக்கூடாதுன்னு சொன்னது நீங்க தானே, இப்ப நீங்களே எடுத்து குடுக்குறீங்களான்னு. நியாயமான கேள்வி தான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல ரூல். பையில போன் இருந்தா வாங்கி வைப்போம், நீங்க நேர்ல வந்தா தான் திருப்பி குடுப்போம், அதுல ஒரு மாற்றமும் இல்ல. லேப்ல இருக்கிறது ஆசிரியர்கள் வீட்ல சும்மா கிடந்த பழைய போனுங்க, சிம் கிடையாது, நெட் கிடையாது, பீரியட் முடிஞ்சா பீரோவுக்குள்ள போயிடும்.

போனை சாய்ச்சா ஸ்கிரீன் தானா திரும்புதுல்ல, அதுக்கு உள்ள ஆக்சிலரோமீட்டர்னு முடுக்கத்தை (வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுதுங்கிறதை) அளக்குற ஒரு சென்சார் இருக்கு. மேப்ல திசை காட்ட காந்தப்புலத்தை அளக்குற சென்சார், வெயில்ல போனா ஸ்கிரீன் வெளிச்சத்தை கூட்ட லைட் சென்சார், மைக் வேற. இதையெல்லாம் தனித்தனி கருவியா வாங்கணும்னா நம்ம லேப் ஃபண்டுக்கு கட்டுப்படியாகாது. ஜெர்மனியில ஆகன் நகரத்து பல்கலைக்கழகத்துல இந்த சென்சார் ரீடிங்கை எல்லாம் காட்டுற ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப் பண்ணி 2016ல இருந்து இலவசமா குடுக்குறாங்க, விளம்பரம் வராது, ஒரு தடவை போட்டுட்டா நெட் இல்லாமலே ஓடும்.

போன வாரம் பண்ணது சத்தத்தோட வேகம். வராண்டால 5 மீட்டர் அளந்து ரெண்டு முனையிலயும் ஒரு போன், ரெண்டுலயும் அந்த ஆப்ல இருக்கிற, ஒரு சத்தம் கேட்டா ஓடி, அடுத்த சத்தத்துக்கு நிக்கிற ஸ்டாப்வாட்ச். இந்த முனையில இருக்கிற பொண்ணு கை தட்டுனா பக்கத்து போன் உடனே ஓடும், தூரத்து போன் துளி லேட்டா ஓடும். அப்புறம் அந்த முனையில இருக்கிறவன் தட்டுனா அவன் போன் உடனே நிக்கும், இந்த போன் துளி லேட்டா நிக்கும். ரெண்டு நேரத்தையும் கழிச்சா போக 5 வர 5, ஆக 10 மீட்டருக்கு சத்தம் எடுத்துக்கிட்ட நேரம், சுமார் 0.029 செகண்ட். தூரத்தை நேரத்தால வகுத்தா செகண்டுக்கு 345 மீட்டர் கிட்ட வருது. உடனே "சார் தப்பு, புக்ல 331 தான்"னு ஒரே கூச்சல். அந்த 331 தண்ணி ஐஸா உறையுற 0 டிகிரிக்கு, ஒரு டிகிரி ஏறினா சுமார் 0.6 கூடும், நம்ம ஊர் 30 டிகிரிக்கு 349 வரணும், அப்ப யார் சரின்னு அவங்களே போட்டு பாத்துக்கிட்டாங்க. (யாராவது இருமுனா கூட ஸ்டாப்வாட்ச் ஓடிடும்ங்கிறதால அந்த பீரியட் முழுக்க வகுப்பு ஊசி விழுந்தா கேக்குற மாதிரி இருந்துச்சு, அது தனி லாபம்.)

இன்னொன்னு எனக்கே ரொம்ப பிடிச்சது. போனை மேஜையில சும்மா வச்சா ஆக்சிலரோமீட்டர் 9.8 (புவியீர்ப்பு முடுக்கத்தோட அளவு) காட்டுது, பழைய மெத்தை மேல போட்டா விழுற வரைக்கும் 0 கிட்ட காட்டுது. சும்மா இருக்கிறப்ப 9.8, விழுறப்ப 0, தலைகீழா இருக்கேன்னு தோணும். சென்சாருக்கு தெரியுறது மேஜை கீழ இருந்து தாங்கி பிடிக்கிற தள்ளு மட்டும் தான், விழும்போது தாங்க ஆள் இல்ல. விண்வெளி நிலையத்துல ஆளுங்க மிதக்குறதும் இதே கதை தான். 1 மீட்டர் உயரத்துல இருந்து விட்டா அந்த 0 சுமார் 0.45 செகண்ட் நிக்கும், அதை வச்சே புவியீர்ப்பு முடுக்கத்தை கணக்கு போட்டுடலாம்.

மார்க் பத்தி கவலைப்படுறவங்களுக்கு, பிராக்டிகல் எக்ஸாமுக்கு தனி ஊசல், ஒத்ததிர்வு காற்றுத் தம்பம், ஸ்க்ரூகேஜ் எல்லாம் பழையபடி தான் நடக்குது, போன் அதுக்கு பதில் இல்ல. விலை கம்மி போனுங்கள்ல சில சென்சார் இருக்காது, ரீடிங்கும் கொஞ்சம் முன்ன பின்ன வரும், ஏன் வருதுன்னு ரெக்கார்டு நோட்ல எழுதணும்னு சொல்லிருக்கோம்.

இப்ப ஒரு உதவி. தயவு செஞ்சு இதுக்காக யாரும் புது போன் வாங்கி குடுக்காதீங்க, "சார் கேட்டாரு"ன்னு பசங்க சொன்னா நம்பாதீங்க. வீட்ல ஓரமா கிடக்குற பழைய போன் இருந்தா குடுங்க, ஸ்கிரீன் கீறல் விட்டிருந்தாலும் பரவால்ல, சார்ஜ் நின்னா போதும். பேட்டரி உப்பியிருந்தா மட்டும் வேண்டாம், அது ஆபத்து. குடுக்குறதுக்கு முன்னாடி போட்டோ, பேங்க் ஆப் எல்லாத்தையும் அழிச்சு, கூகுள் அக்கவுண்ட்டையும் எடுத்துட்டு ரீசெட் பண்ணிடுங்க, தெரியலன்னா ஆபீஸ்ல உங்க கண்ணு முன்னாடியே பண்ணி தருவாங்க.

சனிக்கிழமை காலையில நேர்ல வந்து பிஸிக்ஸ் சார் கிட்ட குடுத்துட்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டுட்டு போங்க. பசங்க கையில குடுத்து விடாதீங்க, கேட்லயே பிடிச்சு வாங்கி வச்சுடுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்