கொடுக்கும் முன் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

வட சென்னையின் மாநகராட்சி, அரசுப் பள்ளிகளுக்கு உதவிவரும் கல்வி அறக்கட்டளைகளின் அறங்காவலர்களுக்கும், கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்து மாநகராட்சிப் பள்ளிகளில் பணியாற்றி, நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் எங்கள் தெருப் பள்ளியின் மேலாண்மைக் குழு கூப்பிட்டால் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். உங்கள் பணத்தில் வந்த பெஞ்சில் என் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், நீங்கள் கட்டிக் கொடுத்த கழிவறையால் பெரிய பெண்கள் மதியத்தோடு வீட்டுக்குத் திரும்பாமல் கடைசி பீரியட் வரை இருந்திருக்கிறார்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். என் விண்ணப்பம் ஒன்றுதான். எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் முன் அந்தப் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். கேட்டுக் கொடுத்த பிறகு, சில ஆண்டுகளாவது அந்தப் பள்ளியை விட்டுப் போகாதீர்கள்.

பிப்ரவரி பிறந்துவிட்டால் ஹெச்.எம். போன் ஓயாது. மார்ச் 31-க்குள் செலவழித்தாக வேண்டிய பணம் இருக்கிறது மேடம், உங்கள் ஸ்கூலுக்கு என்ன வேண்டும், நாளைக்குள் ஒரு லெட்டர் கொடுக்க முடியுமா என்பார்கள். ஒரு நாளில் எந்த ஹெச்.எம். யோசித்துச் சொல்ல முடியும்? கைக்கு வந்ததை எழுதிக் கொடுப்பார். பெரும்பாலும் அந்த லெட்டரில் என்ன எழுத வேண்டும் என்பதையும் போன் செய்தவரே சொல்லிவிடுவார். அப்படி வந்து சேர்வதுதான் ஸ்மார்ட் போர்டு, ஆர்.ஓ. மெஷின், சுவர் ஓவியம்.

எங்கள் பள்ளிக்கும் ஒரு நிறுவனம் ஸ்மார்ட் போர்டு தந்தது. நல்ல போர்டு. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒரு மழைக்காலத்தில் கோளாறானது. மாட்டிக் கொடுத்த ஏஜென்சி போனை எடுக்கவில்லை, கொடுத்த நிறுவனத்தில் பொறுப்பாளர் மாறிவிட்டிருந்தார். அது நின்றுபோன வகுப்பறையில்தான், நாலாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கவைக்கும் ஓர் ஆள். வேறொரு சிறிய அறக்கட்டளை அதைச் செய்தது. கொருக்குப்பேட்டையைச் சேர்ந்த, பட்டப்படிப்பு முடித்த ஒரு பெண்ணை மாலை நேரத்துக்கு அனுப்பியது. பிள்ளைகளின் வீடு அவளுக்குத் தெரியும், அம்மாக்களை அக்கா என்று கூப்பிடுவாள், வராத பிள்ளையை வழியிலேயே பிடித்து அழைத்து வருவாள். மூன்று ஆண்டு அவள் வந்தாள். என் பணிக்காலத்தில் வெளியிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்த உதவிகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். அந்த அறக்கட்டளையின் பெயர்ப் பலகை எங்கள் சுவரில் எங்கும் இல்லை.

இதை உங்களிடம் சொன்னால், ஆள் சம்பளத்துக்கு சி.எஸ்.ஆர். பணம் தர முடியாது, நிர்வாகச் செலவாகிவிடும் என்கிறீர்கள். பலமுறை கேட்ட பதில் இது. ஆடிட்டராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். கம்பெனிகள் சட்டம் 2013, 135-ஆம் பிரிவின் கீழ் செலவிடும் தொகையில் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு இருப்பது உண்மை. ஆனால் கல்வித் திட்டத்தில் பணியாற்றும் ஆசிரியர், பணியாளர் சம்பளம் திட்டச் செலவில்தான் சேரும் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. தொடர் திட்டம் என்று முறைப்படி அறிவித்துவிட்டால், தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டு அதை நடத்தலாம். மார்ச் 31-ஐக் காட்டி அவசரப்பட வேண்டிய கட்டாயம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. சட்டம் வழி விட்டிருக்கிறது, உங்கள் குழுவின் மனம்தான் இடம் தர வேண்டும்.

அதோடு, வட சென்னையில் பள்ளிக்கு உதவி அதிகம் தேவைப்படும் மாதம் ஜூன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகு 61 நாள் கடலுக்குப் போகாது. படகில் போகிறவர் மட்டுமல்ல, ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், துறைமுகத்தில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்கும் அம்மாக்கள், எல்லார் வீட்டிலும் கை வறண்டிருக்கும் நேரத்தில்தான் பள்ளி திறக்கிறது. பெரிய பையன் “நான் வேலைக்குப் போறேம்மா” என்று சொல்வதும், அம்மா வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல் நிற்பதும் அந்த வாரங்களில்தான்.

எட்டாம் வகுப்பைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நடுநிலைப் பள்ளியில் எட்டு முடித்த பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு வேறு உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். டி.சி. கொடுத்த பள்ளிக்கு அது பழைய பிள்ளை. சேர வேண்டிய பள்ளிக்கு அது இன்னும் வராத பிள்ளை. நடுவில் இருக்கும் அந்தச் சில வாரங்களில் அதற்கு டீச்சர் என்று ஒருவரும் கிடையாது. பையன் என்றால் ஐஸ் கம்பெனி, பாரிமுனைக் கடை, லாரி கிளீனர் வேலை என்று போவான். பெண் என்றால், புதுப் பள்ளி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, தனியாக எப்படி அனுப்புவது என்று வீட்டில் நிறுத்துவார்கள். ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் பள்ளிக் கல்வித் துறை பதிந்து வைக்கும் எமிஸ் இணையப் பதிவேட்டில் இப்படி விடுபட்ட பெயர்கள் தெரியவரும், ஆசிரியர்களும் வீடு தேடிப் போகிறார்கள். ஆனால் ஜூன் மாதத்தில் ஓர் ஆசிரியருக்குச் சேர்க்கை, பாடநூல் வழங்கல், ஆதார், வங்கிக் கணக்கு, எமிஸ் பதிவு என்று தலைக்கு மேல் வேலை இருக்கிறது. ஐந்தாறு பள்ளிகளுக்குப் பொதுவாக, ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை, எட்டு முடித்த ஒவ்வொரு பிள்ளையும் ஒன்பதில் போய் உட்கார்ந்ததா என்று பார்த்து உட்காரவைக்க உள்ளூர்ப் பெண்கள் இருவரை அமர்த்தித் தாருங்கள். அவர்கள் சம்பளமும் பெட்ரோல் காசும் உங்கள் திறப்பு விழாச் செலவுக்குள் அடங்கிவிடும்.

இதே வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில், என்.எம்.எம்.எஸ். என்பார்கள், தேர்ச்சி பெற்றுத் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000 ரூபாய், மத்திய அரசிடமிருந்து வருகிறது. குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு மூன்றரை லட்சம். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்குள் வருவார்கள். ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று மாநில அரசின் தேர்வு ஒன்று உண்டு, ஆனால் அது கிராமப்புறப் பிள்ளைகளுக்கானது. வியாசர்பாடிப் பிள்ளை எழுத முடியாது. ஆகவே எங்களுக்கு என்.எம்.எம்.எஸ். முக்கியம். அதற்குச் சனிக்கிழமை வகுப்பு எடுக்க ஆசிரியர்கள் தயாராக இருக்கிறார்கள். மாதிரித் தாள் ஜெராக்ஸ், வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் போகும் செலவு, வந்த பிள்ளைக்கு டீயும் பன்னும், இவ்வளவுதான் வேண்டும். இதற்குக் கேட்டால், இது சின்னத் தொகை மேடம், எங்கள் குழு பெரிய திட்டத்தைத்தான் ஏற்கும் என்ற பதில் வருகிறது. ஒரு பிள்ளை நான்கு ஆண்டு பள்ளியில் நிற்பது சின்ன விஷயமா?

என் தங்கை மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அவள் பிள்ளைகள் போவது அரசுப் பள்ளிக்குத்தான். அங்கே சொத்து வரிக்கு 1978-இல் உச்சவரம்பு வந்து பள்ளிகளின் பணம் சுருங்கியபோது, ஊர்க்காரர்களே சேர்ந்து கல்வி அறக்கட்டளைகளைத் தொடங்கினார்கள் என்று அவள் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். அவற்றின் வழக்கங்களில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆசிரியர் ஒரு பக்கத்தில் எழுதிக் கேட்பார், சில நூறு டாலர் கிடைக்கும். அறிவியல் கருவியோ கதைப் புத்தகமோ, வகுப்புக்கு எது தேவை என்று அவர்தான் முடிவு செய்வார். செலவழித்ததற்குக் கணக்கு கொடுப்பார். அதை இங்கே செய்ய என்ன தடை? எங்கள் ஆசிரியைகள் சார்ட், லேமினேஷன், நாப்கின், காய்ச்சல் வந்த பிள்ளையைக் கொண்டுபோய் விட ஆட்டோ என்று கைக்காசு போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் என்று ஒதுக்குங்கள். பணம் பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கில் வரட்டும், தீர்மானப் பதிவேட்டில் எழுதி, பில் வைத்துச் செலவாகட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024-இல் மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். குழுவில் இருக்கும் அந்தப் பெண்கள் மீன் விற்றும் வீட்டு வேலை செய்தும் குடும்பம் நடத்தும் அம்மாக்கள். ஐயாயிரம் ரூபாய்க்குக் கணக்கு வைக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அமெரிக்க ஏற்பாட்டில் ஒரு பெரிய குறையும் உண்டு. வசதியான பகுதியின் அறக்கட்டளை நிறையத் திரட்டும், ஏழைப் பகுதியில் ஒன்றும் சேராது. அதைச் சரிசெய்ய ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில், ஒரு பள்ளியின் அறக்கட்டளை 10,000 டாலருக்கு மேல் திரட்டும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பொது நிதிக்குத் தர வேண்டும் என்று பல ஆண்டுகள் விதி வைத்திருந்தார்கள். இங்கும் அதே கதைதான். பெரிய ரோட்டில், கார் நிறுத்த இடம் உள்ள பள்ளிக்கு மூன்று பேர் போட்டி போட்டு உதவுகிறார்கள். கொடுங்கையூரின் உள்தெருவிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் இருக்கும் பள்ளியின் வாசலை மிதிப்பவர் குறைவு. நீங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களுக்கும் பொதுவாக, ஒவ்வோர் அறக்கட்டளையும் ஒரு பங்கு போட்டு ஒரு நிதி வையுங்கள். இதுவரை யாரும் எட்டிப் பார்க்காத பள்ளிக்கு அது முதலில் போகட்டும். நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 135-ஆம் பிரிவு சொல்கிறது. மணலியிலும் எண்ணூரிலும் ஆலை நடத்துகிறவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன், உங்கள் ‘பகுதி’ ஆலை வாசலுக்கு எதிர்த் தெருவிலிருந்து தொடங்கட்டும். அந்தக் காற்றைச் சுவாசிப்பது அந்தத் தெருப் பிள்ளைகள்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் தெலுங்கு, உருது வழி மாநகராட்சிப் பள்ளிகளும் உண்டு, ஆகவே எல்லாப் பள்ளிக்கும் ஒரே பெட்டிக் கதைப் புத்தகம் அனுப்பாதீர்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் உட்காரவைக்காதீர்கள். நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்காதீர்கள். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அந்தப் படம் தன் தெருவில் எத்தனை செல்போனுக்குப் போகும் என்று தெரியும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது ஐந்தாம் வகுப்பு வரைதான் என்று வரையறுத்தார்கள். அதே வளாகத்தில் ஆறிலிருந்து எட்டு வரை படிக்கும் அக்கா அண்ணன் சாப்பிட்டு வந்தார்களா என்பதையும் போகிற பள்ளியில் விசாரியுங்கள்.

ஆசிரியர் பணியிடம் நிரப்புவது, கட்டடம், துப்புரவுப் பணியாளர், இவை அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டியவை. உங்களை நம்பி அவர்கள் கையை விலக்கிக்கொள்ள இடம் தராதீர்கள். காலிப் பணியிடத்தை உங்கள் தற்காலிக ஆள் நிரப்பிவிட்டால் அது நிரந்தரமாகக் காலியாகவே இருக்கும். நான் கேட்கும் ஆட்கள் ஆசிரியருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள், ஆசிரியருக்குப் பதிலாக நிற்பவர்கள் அல்ல.

அள்ளிக் கொடுப்பது வட சென்னைக்குப் புதிதல்ல. 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற செல்வத்தில்தான் 1842-இல் பிராட்வேயில் பள்ளி திறந்தது. வண்ணாரப்பேட்டையின் பிட்டி. தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார்கள். பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று பார்த்தார்கள், பசி என்று தெரிந்தது, சோறு போட்டார்கள்.

நான் கேட்பதும் அந்த வரிசையைத்தான். ஒவ்வொரு பள்ளியிலும் மேலாண்மைக் குழுவின் மாதக் கூட்டம் நடக்கிறது. உங்கள் அடுத்த ஆண்டுத் திட்டத்தை எழுதும் முன், நீங்கள் தேர்ந்தெடுத்த பள்ளியின் ஒரு கூட்டத்துக்கு வந்து உட்காருங்கள். பேனர், மாலை எதுவும் வேண்டாம். வகுப்பு ஆசிரியரிடம் அவர் கைக்காசு எதற்குப் போகிறது என்று கேளுங்கள். ஹெச்.எம்.மிடம் போன வருடம் எட்டு முடித்தவர்களில் யார் ஒன்பதில் சேரவில்லை என்று கேளுங்கள். அம்மாக்களிடம் எந்த மாதம் கஷ்டம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு போய், அதற்குப் பிறகு பட்ஜெட் போடுங்கள். எந்தப் பள்ளி என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் என்னோடு வாருங்கள், உள்தெருப் பள்ளிகளுக்கு நான் அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளித் தலைமை ஆசிரியை,
புது வண்ணாரப்பேட்டை, சென்னை.