மகனே, தண்ணீரைக் கணக்குப் பார்த்து மலையேறு

பென்னாகரம்,
தருமபுரி மாவட்டம்.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். சொந்த வீடு எப்போது வாங்கப்போகிறாய் என்று உறவினர்கள் கேட்பதை இனி உன் காதுவரை கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். வண்டியில் கட்டி இழுத்துச்செல்லும் அந்தச் சிறிய டிரெய்லர் வீட்டுக்குள் அடுப்பும் கட்டிலும் கழிப்பறையும் அடங்கியிருப்பதை நீ வீடியோவில் காட்டிய பிறகு, அதுவும் ஒரு குடித்தனம்தான் என்று அப்பாவே சொல்கிறார். அமெரிக்காவின் அரிசோனாவில், நீ இருக்கும் குவார்ட்சைட் ஊரைச் சுற்றியுள்ள அரசுப் பாலைநிலத்தில் பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை வாடகையில்லாமல் தங்கலாம், பிறகு இடம் மாறிவிட வேண்டும் என்ற விதியை அக்கம்பக்கத்தாருக்கு விளக்குவதும் அவர்தான்.

டிரெய்லரில் நீ வசிப்பது எனக்குக் கவலையில்லை. அதை நிறுத்திவிட்டுத் தனியாக மலையேறப் போவதுதான் கவலை. கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் என்பதால், போகாதே என்று சொல்லாமல் எப்படிப் போகவேண்டும் என்று சொல்கிறேன்.

பாலைவனத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு காலன், அதாவது ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று அங்குள்ள தேசியப் பூங்காத் துறையினர் சொல்கிறார்கள். வெயிலில் நடந்தால் அதற்கும் மேல் வேண்டியிருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சட்டை நனைந்து ஒட்டுவதால் வியர்ப்பது நமக்கே தெரியும். அங்கே காற்று வறண்டிருப்பதால் வியர்வை வந்தவுடனே ஆவியாகிவிடும். உடம்பு எவ்வளவு நீரை இழந்தது என்று தெரியாமலே நீ நடந்துகொண்டிருப்பாய். கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்ததும் திரும்பவேண்டும் என்பார்கள். என்னைக் கேட்டால் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே திரும்பிவிடு என்பேன், ஏனென்றால் திரும்பும் நேரத்தில் வெயில் ஏறியிருக்கும், கால்களும் சோர்ந்திருக்கும்.

வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்துதான்; இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய், வலிப்பிலும் முடியலாம். உப்புக்கரைசல் பொட்டலங்களை வாங்கி வைத்துக்கொள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்துகொள். உப்பு ஒரு சிட்டிகைகூட மிஞ்சக்கூடாது. ராகி மாவு கேட்டிருந்தாய், அனுப்புகிறேன். முந்தின நாளே கூழ் காய்ச்சிப் புளிக்கவைத்து, காலையில் மோரும் உப்பும் கரைத்துக் குடித்துவிட்டுக் கிளம்பினால் நான் நிம்மதியாக இருப்பேன். நடக்கும்போது பேச்சுக் குழறினாலோ, வழி புரியாமல் தடுமாறினாலோ அது வெறும் களைப்பு அல்ல, வெப்பத்தாக்கு; அந்த நிலையில் தனக்கு என்ன நேர்கிறது என்று தனியாக நடப்பவனுக்கே தெரியாது என்பதுதான் என் பயம்.

தண்ணீர் இல்லாமல் வரும் ஆபத்து ஒன்று என்றால், தண்ணீரே வந்து சேரும் ஆபத்து இன்னொன்று. கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளைத் திறந்தால், இங்கே ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் ஒகேனக்கல்லில் காவிரி பொங்கி, பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் தடை போடுவதைச் சிறுவயது முதல் பார்த்தவன் நீ. அங்குள்ள வறண்ட ஓடைகளும் அப்படித்தான். எங்கோ தொலைவில் மலைமேல் பெய்த மழை, நீ நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும். இங்கேயாவது முன்கூட்டியே எச்சரிக்க ஆள் இருக்கிறார்கள், அங்கே ஓடைக்கரையில் தண்டோரா போட யாரும் வரப்போவதில்லை. மணல் சமமாக இருக்கிறது, டிரெய்லரை நிறுத்த வசதியாக இருக்கிறது என்று ஓடைப்படுகையில் இறக்காதே. மூழ்கிய சாலையில் தடுப்பைத் தாண்டி வண்டியை விட்டுச் சிக்கிக்கொண்டவரிடமே மீட்புச் செலவை வசூலிக்கலாம் என்று அரிசோனாவில் சட்டமே இருக்கிறதாம். அதைக் கேட்டு அப்பா வெகுநேரம் சிரித்தார். நம் ஊருக்கும் வேண்டும் என்கிறார்.

சோய்யா என்னும் கள்ளியின் துண்டு காலில் ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்காதே. முள்ளின் நுனியில் கொக்கிபோன்ற செதில்கள் இருப்பதால் அது காலை விட்டுக் கைக்கு மாறும். பையில் ஒரு சீப்பு வைத்துக்கொண்டு, அதன் பற்களைக் கள்ளிக்கும் தோலுக்கும் இடையில் செருகி, முகத்தை விட்டு விலகிப் போகும்படி சுண்டிவிடு. தங்கிய முட்களை இடுக்கியால் எடுக்கலாம்.

மேகமும் ஈரமும் இல்லாத வானத்தில் பகல் சூடு தங்காது என்பதால் இரவு நடுங்கவைக்கும். குளிருக்காகச் சமையல் அடுப்பை எரியவிட்டுப் படுத்துவிடாதே. அடைத்த இடத்தில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அதற்கான அலாரத்தை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்.

கடைசியாக ஓர் ஏற்பாடு. மலையேறும் நாளில் எந்தப் பாதை, எங்கே வண்டியை நிறுத்துகிறாய் என்று கிளம்புமுன் எனக்கு அனுப்பிவிடு. மாலை 6 மணிக்குள் திரும்பி, வந்துவிட்டேன் என்று ஒரு செய்தி போடு. உனக்கு மாலை 6 மணி என்றால் எனக்கு மறுநாள் காலை ஆறரை. நான் எழுந்திருக்கும் நேரம்தான். அதற்குள் செய்தி வராவிட்டால் நான் அழைக்க வேண்டிய உன் நண்பரின் எண்ணையும், தேடுதலுக்குப் பொறுப்பான அந்தக் கவுண்டியின், அதாவது அங்குள்ள மாவட்டத்தின், ஷெரீப் என்னும் காவல் அதிகாரியின் அலுவலக எண்ணையும் இந்த வாரமே எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா