வெம்பிளி வரை கைகொடுத்த உங்கள் எல்லோருக்கும்

லெஸ்டரில் எங்களோடு வாழும் உறவுகளுக்கும் அயலவர்களுக்கும், யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து அழைத்த அப்பாவின் நண்பர்களுக்கும் வணக்கம்.

2021 மே 15 சனிக்கிழமை மாலை, செல்சியை 1-0 என வென்று எங்கள் உதைபந்தாட்டக் கழகமான லெஸ்டர் சிட்டி முதன்முறையாக இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கியபோது அப்பாவும் நானும் லண்டன் வெம்பிளி அரங்கில் இருந்தோம். அந்த மகிழ்ச்சியில் உங்களுக்கும் பங்குண்டு. அதைச் சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, கடந்த ஆண்டு எங்கள் வாசலில் மருந்தும் மரக்கறியும் வைத்துவிட்டுப் போன தம்பிமாருக்கு. 2020 ஜூன் 29 அன்று இங்கிலாந்திலேயே முதலாவது உள்ளூர் கொரோனா முடக்கம் எங்கள் நகரத்துக்குத்தான் அறிவிக்கப்பட்டது. மற்ற ஊர்கள் கதவைத் திறந்தபோதும் நாங்கள் உள்ளேயே இருந்தோம். நீரிழிவும் முழங்கால் வலியும் உள்ள அப்பா அந்த மாதங்களைப் பத்திரமாகக் கடந்தது உங்களால்தான்.

90,000 பேர் அமரும் அரங்கில் இம்முறை ஏறத்தாழ 20,000 பேருக்கே அனுமதி. ஒவ்வொரு கழகத்தின் ரசிகர்களுக்கும் 6,250 இடங்கள். டிக்கெட் கிடைத்த பிறகும் பரிசோதனை, அடையாளச் சான்று, கைபேசியில் வரும் அனுமதி என்று வேலைகள் நீண்டன. பக்கத்து வீட்டு குஜராத்திப் பெண் தன் வேலை முடிந்து வந்து, அப்பாவின் கைபேசியில் எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்து கொடுத்தார். மகளே, நீ நன்றாக இருக்க வேண்டும்.

அரங்கில் அப்பா படியேறச் சிரமப்படுவதைப் பார்த்துத் தோள் கொடுத்து இருக்கை வரை கொண்டுவந்து விட்ட பணியாளருக்கும் நன்றி. பெயர் கேட்க முடியவில்லை. மஞ்சள் மேலாடையும் முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களுமே நினைவில் நிற்கின்றன.

63ஆவது நிமிடத்தில் எங்கள் அணியின் லூக் தோமஸ் கொடுத்த பந்தை வாங்கிய யூரி தீலெமன்ஸ், இருபத்தைந்து யார் தூரத்திலிருந்து உதைத்தார். அது மேல் மூலையில் போய் விழுந்தது. இளமையில் குருநகர் மைதானத்தில் உதைபந்தாடிய அப்பா, பந்து காலை விட்டுப் புறப்பட்டபோதே எழுந்துவிட்டார். கடைசி நிமிடங்களில் செல்சியின் மேசன் மவுண்டின் உதையை எங்கள் கோல்காப்பாளர் காஸ்பர் ஷ்மைக்கல் பாய்ந்து தட்டினாரே, அந்தத் தடுப்பை கோலுக்கு இணையாகவே மதிக்கிறேன். 89ஆவது நிமிடத்தில் செல்சி சமன் செய்துவிட்டதாக நெஞ்சு உடைந்தது. காணொளி நடுவர் ஓஃப்சைட், அந்தக் கோல் செல்லாது என்று அறிவிக்கும்வரை அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் அடையாளம் இரவுவரை இருந்தது.

இனி, எங்கள் வீதியின் மூத்தவரைப் பற்றி. அகதியாக வந்து மொழி தெரியாமல் நின்ற அப்பாவை பழைய ஃபில்பர்ட் வீதி அரங்குக்கு முதன்முதலில் கூட்டிப்போனவர் அவர்தான். 1949, 1961, 1963, 1969 என நான்கு எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டங்களில் லெஸ்டர் தோற்றது. அவற்றில் கடைசி இரண்டையும் அவர் நேரில் பார்த்தவர். இன்று முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் அங்குள்ள பராமரிப்பாளர் அக்கா காணொளியில் அவரை எங்களோடு இணைத்தார். அந்த நேரத்தில், கழகத்தின் மறைந்த உரிமையாளர் விச்சாயின் மகனை ஷ்மைக்கல் மைதானத்துக்குள் இழுத்துவந்து வீரர்களோடு நிறுத்தினார். அப்பா கைபேசியை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினார். 2018இல் லெஸ்டரில் கழகத்தின் அரங்கத்துக்கு வெளியே நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் விச்சாய் இறந்தபோது இரண்டு கிழவர்களும் சேர்ந்து போய்ப் பூ வைத்தவர்கள். இருவரும் பேசவில்லை, அழுதார்கள். அக்கா, உங்கள் பணிநேரம் முடிந்தும் அரைமணி நேரம் அந்தக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, அதற்கு என்ன கைம்மாறு செய்வோம்?

யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து, அப்பாவோடு ஒரே அணியில் ஆடிய மாமாமார் அடுத்தடுத்து அழைத்தீர்கள். காரில் வீடு திரும்பும்வரை அவருக்கு உங்களோடுதான் பேச்சு. விமானப் பயணங்கள் வழமைக்குத் திரும்பியதும் அவரை அழைத்துக்கொண்டு நேரில் வருகிறேன். உங்கள் ஒவ்வொருவரின் அளவுக்கும் லெஸ்டர் சிட்டி சட்டை வாங்கி வரவேண்டும் என்று இப்போதே கட்டளை போட்டிருக்கிறார். அளவுகளை எனக்கு அனுப்பிவையுங்கள்.

நன்றியுடன்,
லெஸ்டரிலிருந்து ஒரு மகன்