பேனல் முன் நிற்பவருக்குப் புரியும் மொழி

திருநகர், மதுரை
16.11.2025

அன்பு மகள் சுபாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அப்போதே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றும் ரோபோ செய்யும் நிறுவனம் ஒன்றும் உன்னை அழைத்திருக்கின்றன, எதில் சேரட்டும் என்று கேட்டாய். சம்பளத்தைப் பற்றியும் இருக்கப்போகும் ஊரைப் பற்றியும் நீயே முடிவு செய்துகொள்வாய். முப்பத்தொரு வருடம் நூற்பாலையின் மின்பராமரிப்பில் இருந்தவன் என்பதால், இயந்திரங்களின் மின்கட்டுப்பாட்டுப் பேனலுக்கு முன்னால் நின்று நான் கண்டதையும் அதைப் புரிந்துகொள்வதற்காகத் தேடிப் படித்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

1986இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது மில்லில் எல்லாமே ரிலே, அதாவது மின்காந்தத்தால் திறந்து மூடும் சுவிட்சுதான். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவின் பேனல் கதவைத் திறந்தால் வரிசை வரிசையாக ரிலேக்கள் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே புகுந்த பஞ்சுத் துகள் ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் நிறத்தில் படிந்திருக்கும். ரிலேயின் ஒரு கான்டாக்ட், அதாவது தொடுமுனை, கருகினால் போதும், இயந்திரம் நின்றுவிடும். எது கருகியது என்று டெஸ்ட் லாம்பை வைத்துக்கொண்டு தேடி, அதைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டுவதற்குள் பாதி ஷிப்ட் போய்விடும். இயந்திரத்தின் வேலை வரிசையில் சிறு மாற்றம் செய்ய வேண்டுமென்றாலும் வயரைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும்.

இதே தொல்லை எங்களைவிடப் பல மடங்கு பெரிய அளவில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு இருந்தது. அந்த நிறுவனத்தின் ஹைட்ராமாட்டிக் பிரிவு 1968இல் ரிலே பேனலுக்கு மாற்றாக ஒரு மின்னணுக் கருவி வேண்டும் என்று கேட்க, டிக் மோர்லியும் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸில் அவரோடு இருந்தவர்களும் மோடிகான் 084 என்ற கருவியை உருவாக்கிக் கொடுத்தார்கள். அது அவர்களுடைய 84ஆவது வேலை என்பதால் அந்த எண் வந்தது. இயந்திரத்தின் வேலை வரிசையை நிரலால் கட்டுப்படுத்தும், இன்று பிஎல்சி என்று நாம் சொல்லும் கருவிகள் பரவியது அங்கிருந்துதான். அதன் வேகத்தையும் உறுதியையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அதற்குரிய நிரலைக் கணினிக்காரர்களின் மொழியில் எழுதச் சொல்லாமல், எலக்ட்ரீஷியன் தாளில் வரையும் ரிலே சர்க்யூட்டைப் போலவே, ஏணி வடிவத்தில் எழுதும்படி வைத்தார்கள். அதனால்தான் 1994இல் எங்கள் மில்லுக்குப் பிஎல்சி வைத்த முதல் டிரா பிரேம் (பஞ்சு இழையை இழுத்துச் சீராக்கும் இயந்திரம்) வந்தபோது, ஐடிஐ படித்த நானும் அந்தத் திரையைப் பார்த்து, இது நம்முடைய சர்க்யூட்தானே என்று பத்து நிமிடத்தில் சொல்ல முடிந்தது. இயந்திரத்தின் முன் நிற்கும் மனிதனுக்குப் புரிய வேண்டும் என்ற அந்த எண்ணத்தைத்தான், எந்தக் கம்பெனியை எடைபோடும்போதும் நான் முதலில் தேடுகிறேன்.

அந்த மோடிகான் பல கைகள் மாறி இன்று பிரான்ஸின் ஷ்னைடர் எலக்ட்ரிக்கிடம் இருக்கிறது. மோடிகான் 1979இல் வெளியிட்ட மோட்பஸ் என்ற தகவல் தொடர்பு முறையை எவரும் பயன்படுத்தலாம் என்று விட்டதால், நாற்பத்தாறு வருடம் கழித்தும் அது உயிரோடு இருக்கிறது. எங்கள் மில்லின் சப்ஸ்டேஷனில் வெவ்வேறு கம்பெனிகள் செய்த மின்மீட்டர்கள் ஒரே இரட்டை வயரில் வரிசையாகக் கோக்கப்பட்டு, நூல் நூற்கும் எந்த ரிங் பிரேம் எத்தனை யூனிட் தின்கிறது என்பதை ஒரே கணினியில் சொல்வது அந்த முறையால்தான்.

சீமென்ஸைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அதன் போக்கைக் கவனி. 1847இல் பெர்லினில் தந்திக் கருவி செய்யத் தொடங்கிய நிறுவனம், 1958இல் தன் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குச் சிமேட்டிக் என்ற பெயரைப் பதிவு செய்தது. 1989 முதல் ஆம்பெர்க் ஊரில் இயங்கும் அதன் ஆலையில், சிமேட்டிக் கருவிகள் தயாராவதைச் சிமேட்டிக் கருவிகளே கட்டுப்படுத்துகின்றன. 2007இல் சுமார் 350 கோடி டாலருக்கு யூஜிஎஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தை வாங்கியது. இந்த ஆண்டு மார்ச்சில் ஏறக்குறைய 1000 கோடி டாலருக்கு ஆல்டேர் என்ற மென்பொருள் நிறுவனத்தையும் வாங்கி முடித்தது. அதாவது, பெட்டி விற்றவர்கள் இப்போது அந்தப் பெட்டிக்குள்ளும் அதற்கு மேலும் ஓடும் மென்பொருளை விற்கிறார்கள். டிஜிட்டல் ட்வின் என்று நீங்கள் பேசுவதை எனக்குத் தெரிந்த தொழிலில் வைத்துச் சொன்னால், ஸ்பிண்டில் வேகத்தைக் கூட்டினால் எத்தனை இடத்தில் நூல் அறும் என்பதை ஒரு கிராம் பஞ்சைக்கூட வீணாக்காமல் கணினிக்குள் இருக்கும் ரிங் பிரேமில் முதலில் ஓட்டிப் பார்ப்பது. உண்மையாகவே இது பெரிய காரியம். என் காலத்தில் இருந்திருந்தால் எவ்வளவோ வேஸ்ட் பஞ்சு மிச்சமாகியிருக்கும்.

அமெரிக்காவின் ராக்வெல் 1985இல் வாங்கிய ஆலன் பிராட்லி, ஜப்பானின் மிட்சுபிஷி, ஓம்ரான் ஆகியவற்றோடும் நான் வேலை செய்திருக்கிறேன். எல்லாம் நல்ல கருவிகள்தாம். ஆனால் ஒன்றின் மென்பொருளை வைத்து மற்றொன்றின் நிரலைத் திறக்க முடியாது. ஏணி முதலான ஐந்து நிரல் மொழிகளுக்கும் 1993இலேயே ஐஇசி 61131-3 என்ற பன்னாட்டுத் தரம் வந்துவிட்டபோதிலும், ஒரு கம்பெனியின் பெட்டியில் எழுதியதை அப்படியே எடுத்து இன்னொரு கம்பெனியின் பெட்டியில் போட்டு ஓட்டும் நிலை இன்றுவரை வரவில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்த வருத்தம் எங்கிருந்து வந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். 2009 பொங்கல் விடுமுறைக்கு மில்லை நான்கு நாள் நிறுத்தி, மெயினையும் இறக்கிவிட்டுப் போனோம். திரும்பி வந்து மின்சாரம் கொடுத்தால், பஞ்சுப் பொதியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூம் லைன் ஓடவில்லை. அதன் பிஎல்சிக்குள் இருந்த பேட்டரி தீர்ந்துபோய், நிரல் முழுவதும் அழிந்திருந்தது. பேட்டரி குறைகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு முன்பே எரிந்திருக்க வேண்டும். பஞ்சு மூடிய கண்ணாடிக்குப் பின்னால் அதை நான் கவனிக்கவில்லை, அது என் பிழை. ஆனால் எங்களிடம் பிரதி இல்லாததற்குக் காரணம் என் பிழை அல்ல. பேனல் செய்து கொடுத்தவர்கள் நாங்கள் நகல் எடுக்க முடியாதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டி, அந்தக் கடவுச்சொல்லைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் கூப்பிட்டபோது, எழுதிய பொறியாளர் வேலையை விட்டுப் போய்விட்டார், நகலும் கிடைக்கவில்லை, புதுப் பேனலாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். புளோரூமிலிருந்து பஞ்சு வராவிட்டால் கார்டிங் பட்டினி, அதன் பின்னால் சிம்ப்ளக்ஸ், அதன் பின்னால் ரிங் பிரேம் என்று எல்லாம் நின்றன. தினக்கூலிக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் கேட்டில் வந்து விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த ஆறு நாளும் நான் தூங்கவில்லை. நானும் ஒரு ஃபிட்டரும் வயரை ஒவ்வொன்றாகத் தொட்டு, எந்த சென்சார் எந்த முனைக்கு வருகிறது, எந்த மோட்டார் எதற்குப் பின்னால் ஓட வேண்டும் என்று எழுதி, கோவை நண்பர் ஒருவரிடம் மடிக்கணினியும் கேபிளும் கடன் வாங்கி, 112 ஏணிப்படிகளைப் புதிதாக எழுதி ஏற்றினோம்.

இதற்காக எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2010இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் குறிவைத்து உள்ளே நுழைந்து, ஈரானில் யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிபியூஜ்களின் வேகத்தை மாற்றிக்கொண்டே திரையில் எல்லாம் சரி என்று காட்டிய கதை உனக்குத் தெரியும். ஆகையால் பூட்டு கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தப் பூட்டின் சாவி இயந்திரத்தை வாங்கியவரிடம் இருக்க வேண்டும், விற்றவரிடம் மட்டும் இருக்கக் கூடாது.

இனி ரோபோ. 1961இல் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் நின்ற யூனிமேட் முதல், 1974இல் சுவீடனின் ஆசியா (ASEA) நிறுவனம் நுண்செயலி வைத்து விற்ற ஐஆர்பி 6 வரை, அந்த வரலாறும் அருமையானது. அந்த ஆசியா நிறுவனம் பிறகு 1988இல் பிரவுன் போவேரியோடு சேர்ந்து ஏபிபி ஆனது. ஃபியூஜி மலையடிவாரத்தில் ஓஷினோ கிராமத்தில் இருக்கும் ஃபானுக்கின் மஞ்சள் ரோபோக்கள், தங்களைப் போன்ற ரோபோக்களைத் தாங்களே பொருத்திச் செய்யும் காணொளியை நீ காட்டியபோது நான் கண் கொட்டாமல் பார்த்தேன். ஆனால் இந்தப் பிரிவில் கை மாறுவது அதிகமாக இருக்கிறது. ஜெர்மனியின் கூக்காவைச் சீனாவின் மிடியா வாங்கிவிட்டது. போன மாதம் ஏபிபியும் தன் ரோபோ பிரிவைச் சுமார் 540 கோடி டாலருக்கு ஜப்பானின் சாஃப்ட்பேங்குக்கு விற்கப்போவதாக அறிவித்திருக்கிறது. நீ சேரும் கம்பெனியின் பெயர்ப்பலகை ஐந்து வருடத்தில் மாறினாலும் உன் கையில் நிற்கும் வேலை எது என்று யோசித்துப் பார். ரோபோவுக்கும் மேலே, ஆலை முழுவதையும் வரிசைப்படுத்தி ஓட்டும் கட்டுப்பாட்டுப் பக்கம்தான் அப்படி நிற்கும் என்று எனக்குப் படுகிறது. ஆகவே முதல் நிறுவனத்துக்கே போ என்று சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. முதல் இரண்டு வருடம் அலுவலகத்தில் உட்காராமல், வாடிக்கையாளர் ஆலைகளுக்குப் போய் இயந்திரத்தை ஓட்டிக் கொடுத்துவிட்டு வரும் கமிஷனிங் பிரிவில் போடுங்கள் என்று கேள்.

ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்றால், கப்பலூர் சிட்கோவில் ரப்பர் பாகங்கள் செய்யும் சிறு பட்டறை ஒன்றுக்கு இப்போதும் வாரம் ஒருமுறை போய்வருகிறேன். நான்கு மோல்டிங் பிரஸ்களுக்கும் பிஎல்சியும் தொடுதிரையும் வைத்திருக்கிறார்கள். திரையில் இருந்ததெல்லாம் ஆங்கிலம். பிரஸ் ஓட்டும் அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. இடது மூலையில் பச்சை, அதற்குக் கீழே மஞ்சள் என்று பட்டனின் இடத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஒருநாள் பேனல்காரர் திரையை மாற்றியமைத்தபோது பட்டன்கள் இடம் மாறிவிட, அன்றைக்கு வேகாத ரப்பர் ஒரு டிரே முழுக்க வீணானது. அந்தத் திரையில் தமிழ் எழுத்தும் வரும் என்பதைப் பேனல்காரரிடம் காட்டி, ‘சூடு’, ‘அழுத்தம்’, ‘வேகும் நேரம்’, ‘நிறுத்து’ என்று மாற்றச் சொன்னேன். ஒரு மாலை நேர வேலைதான். இப்போது அவரே வேகும் நேரத்தைப் பத்து நொடி கூட்டியும் குறைத்தும் பார்த்து, எந்த அச்சுக்கு எது சரி என்று முதலாளிக்குச் சொல்கிறார். உலகத்தின் பெரிய கம்பெனிகளில் அமர்ந்து திரை வடிவமைப்பவர்களில் ஒருவராவது இந்த அம்மாவின் பக்கத்தில் ஒரு ஷிப்ட் நின்றிருக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஒருவர் நீயாக இருந்தால் எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

நேர்காணலின் முடிவில் உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்களாமே, அப்போது இதைக் கேள்: நீங்கள் விற்கும் இயந்திரத்தின் நிரல் அழிந்துபோனால், அதை வாங்கியவர் உங்களைக் கூப்பிடாமலே திரும்ப ஏற்ற முடியுமா? என்ன பதில் சொன்னார்கள் என்பதை அப்படியே எனக்கு எழுது.

2009இல் எழுதிய அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று மில்லுக்கு ஒரு நகல் கொடுத்துவிட்டு மூலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் கிறுக்கியதை ராத்திரியில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்து நேர்க்கோடாக வரைந்து கொடுத்தது எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நீதான். 37ஆவது படியில் ஒரு கான்டாக்ட் விட்டுப்போயிருக்கிறது, கன்வேயர் நிற்காமல் பஞ்சை ஊட்டிக்கொண்டே இருக்குமே அப்பா என்று நீ சொன்னதை, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து இன்று இரவு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா