முதல் அழைப்புக்கு முந்தைய பத்து நிமிடம்: சென்னை அழைப்பு மைய மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு,

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஓர் அழைப்பு மையத்தில் 9 ஆண்டுகள், அதில் கடைசி 4 ஆண்டுகள் டி.எல். (குழுத் தலைவர்) ஆக வேலை பார்த்தவன் நான். ஷிஃப்ட் தொடங்குமுன் எங்களை நடத்தச் சொல்வீர்களே, அந்த ஹடில் கூட்டத்தைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

லாகினுக்குப் பத்து நிமிடம் முன்பு டீமை நிற்கவைத்து, முந்தைய இரவின் ஏ.எச்.டி.யையும் (ஓர் அழைப்பை முடிக்க ஆகும் சராசரி நேரம்) க்யூ.ஏ. மதிப்பெண்ணையும் (பேச்சின் தரத்துக்கான மதிப்பெண்) வாசிப்போம், இலக்கை எட்டாதவர்களின் பெயர்கள் திரையில் சிவப்பில் இருக்கும். துரைப்பாக்கம் சிக்னலில் கேப் மாட்டிக்கொண்டதால் ஒரு நாள் மூச்சிரைக்க ஓடிவந்து நின்ற பெண்ணின் பெயரைத்தான் நான் முதலில் வாசித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பதிவைக் கேட்டபோது, மைக்கை வாயருகே இழுக்காமலேயே அவர் முதல் அழைப்பை எடுத்திருந்ததும், எதிர்முனையில் இருந்தவர் மூன்று முறை "ஹலோ" சொன்ன பிறகே அதைக் கவனித்ததும் தெரிந்தது. அன்றிரவு ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் ஆக்ஸில் (அடுத்த அழைப்பு வராமல் நிறுத்திவைக்கும் நிலை) போட்டுவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார். நள்ளிரவுக்குள் இரண்டு எஸ்கலேஷன், அதாவது மேலதிகாரி வரை போன புகார். விதிப்படி மறுநாளும் அவர் பெயரைச் சிவப்பில் போட்டவன் நான்தான்.

ஆறு நிமிட அழைப்பு ஒவ்வொன்றுக்கும் பின் இரண்டு நிமிட ஆக்ஸ் என்றால், எட்டு மணி நேரத்தில் எண்பது எடுக்க வேண்டியவர் அறுபதுதான் எடுப்பார். இதைச் சோம்பல் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் அழைப்பு மையத்தை ஆராய்ந்து நான்சி ராத்பார்டும் ஸ்டெஃபனி வில்க்கும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, வேலைக்கு வரும்போது இருக்கும் மனநிலை அன்று முழுவதும் தொடர்வதையும், நல்ல மனநிலை பேச்சின் தரத்தை உயர்த்துவதையும், கெட்ட மனநிலை எடுக்கும் அழைப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பதையும் காட்டியது. பிரிட்டிஷ் டெலிகாமின் 11 மையங்களில் சுமார் 1,800 பேரிடம் வாரந்தோறும் மனநிலையைக் கேட்டுப் பதிவுசெய்த ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள், மகிழ்ச்சியாக இருந்த வாரங்களில் அவர்களின் உற்பத்தித்திறன் 13 சதவீதம் கூடியதாக 2019-இல் அறிவித்தார்கள். அவர்கள் கூடுதல் நேரம் உழைக்கவில்லை. அதே நேரத்தில் அதிகம் பேரிடம் பேசினார்கள், அதிகம் விற்றார்கள். ஜன்னல்கள் அதிகமுள்ள கட்டடங்களில் மழைமேகம் கூட மனநிலையைக் கெடுத்தது என்கிறது அதே ஆய்வு. நம் ஃப்ளோர்களில் திரையை இறக்கியே வைத்திருப்பதால் அந்தக் கவலை நமக்கில்லை.

வெள்ளிக்கிழமை பீட்சாவும் பலூனும் இதற்கு மருந்தல்ல. மானிட்டரில் ஒட்டியிருக்கும் "சிரித்துக்கொண்டே பேசுங்கள்" ஸ்டிக்கரும் அப்படித்தான். கோபத்தை விழுங்கிக்கொண்டு குரலை மட்டும் இனிமையாக்குவதும் ஓர் உழைப்பு என்று விமானப் பணிப்பெண்களைக் கவனித்து ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983-இலேயே எழுதிவிட்டார். அந்த உழைப்புக்கு நம் அறிக்கைகளில் ஒரு கட்டம்கூட இல்லை.

என் கோரிக்கை சிறியது. மதிப்பெண்களை ஷிஃப்டின் நடுவில், தனித்தனியாக, அவரவர் இருக்கைக்குச் சென்று சொல்ல டி.எல்.களை அனுமதியுங்கள். ஹடிலின் பத்து நிமிடத்தை, இரண்டு மணி நேரம் கேபில் வந்தவர் முகம் கழுவி, டீ குடித்து, தன் இடத்தில் அமர்வதற்குக் கொடுங்கள். வசவு வாங்கிய அழைப்புக்குப் பின் எடுக்கும் ஐந்து நிமிட ஆக்ஸைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஹடிலுக்கு ஏற்கெனவே பத்து நிமிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்பதால் நேர இழப்பு என்ற வாதம் இங்கே நிற்காது. சிவப்புப் பட்டியலால் வேகம் கூடிய ஓரிருவரை நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. அவர்களுக்கு அதைத் தனியே காட்டினாலும் போதும்.

ஒரே ஒரு டீமில், ஒரு மாதம் மட்டும் செய்து பாருங்கள். ஏ.எச்.டி. அறிக்கை எப்படியும் உங்கள் மேசைக்குத்தான் வரும்.

இப்படிக்கு,
முன்னாள் டி.எல். ஒருவன்